வக்கீல் பீரோவில் இருக்கும் கூர்சீட்டு பத்திரம் ஆகாது

எங்கள் ஆபீசைத் தாத்தா தொடங்கியபோது கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அப்பாவும் கூட உட்கார ஆரம்பித்திருந்தார். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதைப் பார்த்தது நான். மூன்று தலைமுறைக் கேஸ் கட்டுகளும் பீரோவில் இருக்கின்றன. அந்தப் பீரோவை நம்பி இன்னும் ஆட்கள் வருகிறார்கள்.

போன வாரம் வந்த குடும்பத்துக்குக் காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு. அதை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள். அண்ணன் தம்பி கையில் 1970-களில் எழுதிய கூர்சீட்டின் ஜெராக்ஸ். கூர்சீட்டு என்றால் சொத்தில் யாருக்கு எது என்று குடும்பத்துக்குள் பிரித்து எழுதிக்கொண்ட, பதியாத காகிதம். "உங்க தாத்தா எழுதினதும்மா, ஒரிஜினல் உங்ககிட்டதானே இருக்கும்? அது போதாதா?" என்றார்கள். கூடப் பிறந்த அக்கா தங்கைகளை யாரும் கேட்கவே இல்லை.

போதாது. இதை எத்தனை முறை சொல்வது? யார் எழுதினார், எந்த வக்கீல் ஆபீசில் வைத்து எழுதினார், ஊர்ப் பெரியவர்கள் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்பதெல்லாம் ஒரு காகிதத்தைப் பத்திரம் ஆக்காது. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நிலத்தை ஒரு காகிதத்தின் வழியாகப் பிரிக்கிறீர்கள் என்றால் 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி அதைப் பதிந்தாக வேண்டும். வாய்மொழியாக முன்பே பிரித்துக்கொண்டதை ஞாபகத்துக்காக எழுதி வைத்தது வேறு கதை. அதையும் பட்டா, கந்தாய ரசீது போன்ற அரசு ஆவணங்களை வைத்து நிரூபிக்க வேண்டும். பெண் பிள்ளைகளின் பங்கு என்று வந்தால் கோர்ட் இன்னும் கறாராகப் பார்க்கும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தந்த 2005 சட்டத் திருத்தத்தின்படி, 20.12.2004-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையோ கோர்ட் டிக்ரியோ இருந்தால் அது நிற்கும். பதியாத கூர்சீட்டை மட்டும் நீட்டினால் நிற்காது. அப்பா 2005-க்கு முன்பே இறந்துவிட்டார் என்பதும் பதில் இல்லை. பூர்வீகச் சொத்தில் மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்த்துச் சொல்லிவிட்டது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் போன நிலத்தில் மகளுக்குச் சமபங்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே உண்டு. நகை போட்டோம், சீர் செய்தோம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அது பங்கு ஆகாது.

பழைய கட்டுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. கோர்ட்டில் பழைய கேஸ் ரெக்கார்டுகளைக் கெடு முடிந்ததும் அழித்துவிடுவார்கள். சில வழக்குகளுக்கு அப்பாவின் குமாஸ்தா கட்டி வைத்த கட்டில்தான் வழக்கு எண்ணும் பழைய சர்வே எண்ணும் கிடைக்கின்றன. பத்திர எண் கிடைத்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனுப் போடலாம். பதிவான பத்திரத்தின் ஒரிஜினல் தொலைந்தாலும் நகல் வாங்கலாம். கூர்சீட்டுக்கு அந்த வழி கிடையாது.

எனவே அட்வான்ஸ் வாங்கும் முன் வாரிசுச் சான்று எடுங்கள். பட்டாவில் உங்கள் பெயர் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள், பட்டா உரிமைப் பத்திரம் அல்ல. வில்லங்கச் சான்றைப் பழைய வருடங்கள் வரை போட்டுப் பாருங்கள். சகோதரிகள் விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியுங்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை குறைவு, உச்சவரம்பும் உண்டு. வெற்றுப் பேப்பரில் கைநாட்டு வாங்கிக்கொண்டு வராதீர்கள், அதை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

தாத்தா கட்டைத் தேடி வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள், தேடி எடுத்துத் தருகிறோம். வரும்போது அக்கா தங்கைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.