அச்சாணி வேறு, இருசு வேறு

பழைய காரைப் பிரித்துப்போட்டுப் புது எஞ்சின் ஏற்றி ஓடவிடும் அமெரிக்க நிகழ்ச்சி ஒன்று, தமிழில் குரல் கொடுத்து ஒளிபரப்பாகிறது. 1932 ஃபோர்டு காரின் சட்டத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு, "இதற்கு மீட்கப்பட்ட ஒன்பது அங்குலப் பின் அச்சாணியைத் தேர்ந்தெடுக்கிறோம்" என்றது அந்தக் குரல். மூன்றாவது வாரமாக ஆக்ஸிலுக்கு இதே அச்சாணி. எழுதித்தான் தீர வேண்டும்.

ஒன்பது அங்குலம் என்றால் ஒரு சாண். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டு மாட்டுவண்டியின் அச்சாணியும், அதாவது கடையாணியும், ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். அதனால்தான் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல் தப்பிக்கிறது. கேட்பவர் ஓர் ஆணியைக் கற்பனை செய்துகொண்டு நிம்மதியாக இருந்துவிடுவார். நிகழ்ச்சியில் பேசுவது இரண்டு பின் சக்கரங்களையும் தாங்கும் ஆக்ஸிலைப் பற்றி, வெளிக்கூடும் பற்சக்கரமும் சேர்ந்த முழு உருப்படியைப் பற்றி. ஒன்பது அங்குலம் என்பது உள்ளே இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் சக்கரத்தின் விட்டம். ஃபோர்டு 1957 முதல் 1986 வரை தன் வண்டிகளில் போட்ட வகை அது. 1930களின் காரில் இருந்த பழைய பின்பகுதி இன்றைய எஞ்சினின் இழுப்பைத் தாங்காது என்பதால், உடைக்கப்போட்ட வண்டிகளில் இதைத் தேடுகிறார்கள்.

சொல்லின் வேர்க்கதை சுருக்கம்தான். வடமொழி அக்ஷ என்பது தமிழில் அச்சு ஆனது. ஆங்கில ஆக்ஸிலும் அதற்குத் தூரத்து உறவு. சங்க காலத்திலேயே அச்சு நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. உப்பு வணிகர் மேடு பள்ளம் தெரியாத வழிக்கென்று வண்டியின் கீழ்மரத்தில் கட்டிக்கொண்டு போன 'சேம அச்சு' பற்றி ஔவையார் புறநானூறு 102இல் பாடுகிறார். ஸ்பேர் ஆக்ஸில்! வேறென்ன சொல்ல?

அச்சாணி என்பது அந்த அச்சின் முனையில் சக்கரம் கழன்று போகாமல் செருகும் ஆணி. வள்ளுவர் இரண்டையும் குழப்பவில்லை. மயிலிறகானாலும் அளவு மீறி ஏற்றினால் 'அச்சிறும்' என்றார் (475). உருவம் சிறிதென்று ஒருவரை இகழாதே, பெருந்தேருக்கு 'அச்சாணி அன்னார்' உண்டு என்றார் (667). இப்போது 667இல் அச்சாணிக்கு ஆக்ஸில் என்று பொருள் வைத்துப் படித்துப் பாருங்கள். திருவாரூர் ஆழித்தேரின் அடியில் கிடக்கும் இரும்பைப் பார்த்து 'சின்னதாக இருக்கிறதே' என்று யார் இகழ்வார்? குறளே செத்துப்போகும்.

"வழக்கில் வந்துவிட்டதே, கட்சியின் அச்சாணி என்று பேப்பரில் எழுதுகிறார்களே" என்பார்கள். எழுதட்டும், அது சரியான உவமைதான். ஆணி போனால் சக்கரம் போகும். அந்த உவமையைக் கேட்டுக் கேட்டு, அச்சாணி என்றால் ஏதோ பெரிய உறுப்பு என்று நினைத்துக்கொண்டவர்தான் இங்கே மொழிபெயர்க்க உட்கார்ந்திருக்கிறார். வண்டியடியில் ஒரு நாளாவது குனிந்து பார்த்திருந்தால் இது வராது.

ஆக்ஸிலுக்குத் தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'சுழல்தண்டு' என்கிறார். மாட்டுவண்டியில் அது சுழலவே சுழலாது, சக்கரம்தான் அதன்மேல் சுழலும். காரிலோ எஞ்சினிலிருந்து பின்னுக்கு வரும் நீளத் தண்டும் சுழல்கிறது. அதற்கு என்ன பெயர் வைப்பார்? கேட்டேன். 'பெருஞ்சுழல்தண்டு' என்றார். விட்டுவிட்டேன்.

ஆக்ஸிலுக்கு வண்டியில் வழங்கும் இன்னொரு பெயரான இருசுக்கே என் ஓட்டு. அச்சு தவறில்லை, ஆனால் அதன் தலையில் சுமை அதிகம்: அச்சகம், வெல்ல அச்சு, பூமியின் அச்சு, இரண்டாம் உலகப்போரின் அச்சு நாடுகள். பூமியின் அச்சு வெறும் கற்பனைக்கோடு. இருசு மை போடக்கூடிய பொருள். வைக்கோல் சாம்பலை விளக்கெண்ணெயில் குழைத்து, சக்கரத்தைக் கழற்றி இருசு முனையில் சித்தப்பா தடவுவார். பக்கத்தில் போனால் வேட்டி அன்றோடு சரி. இருசுக்கு நேர், வளைவில்லாதது என்ற பொருளும் உண்டு (அது வடமொழி ருஜு). பழைய இருசு வாங்கப் போகிறவன் முதலில் பார்ப்பதும் வளைவைத்தான்.

இதிலே இன்னொரு வசதி. ஆங்கிலத்தில் உள்ளே சுழலும் கம்பியும் ஆக்ஸில், வெளிக்கூடும் சேர்ந்த முழுசும் ஆக்ஸில். நாம் இருசுத்தண்டு, இருசுக்கூடு என்று பிரித்துவிடலாம். நம் பட்டறைக்காரர்கள் தண்டை ஆக்ஸில் என்றும் கூட்டை ஹவுசிங் என்றும் ஏற்கெனவே பிரித்துத்தான் பேசுகிறார்கள். அவர்களுக்கு இருக்கும் தெளிவு குரல் கொடுப்பவருக்கு இல்லை. 'மீட்கப்பட்ட' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் கடத்தியது, யார் மீட்டது? பழைய வண்டியில் கழற்றியது என்றால் போதாதா?

அக்கா மகன் பழைய ஜீப் ஒன்றைப் புதுப்பிக்கிறான். பின் இருசு தேடித் தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கூட்டின் மூடியைத் திறந்து, எண்ணெயில் விரலை விட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். மினுக்கம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். பிறகு சாக்பீஸால் குறி போட்டு இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லி, எஞ்சினிலிருந்து வரும் நீளத் தண்டை மாட்டும் முன்முகப்பு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினார். நாலுக்குக் கொஞ்சம் கம்மி. கிரவுனில் 41 பல், அதைச் சுழற்றும் சின்னப் பற்சக்கரமான பினியனில் 11 என்றால் 3.73 வரும், அந்தக் கணக்குத்தான். கூட்டின் இரு முனைக்கும் டேப் பிடித்தபோது பையனுக்கு முகம் வாடிவிட்டது, அகலம் ஒத்துவரவில்லை.

கிளம்பும்போது வேண்டுமென்றே கேட்டேன்: "அண்ணே, அச்சாணி இருக்கா?"

அவர் தலை நிமிராமலே நட்டு கழலாமல் செருகும் காட்டர் பின் ஆணிகள் கிடந்த பழைய டப்பாவை என் பக்கம் தள்ளினார். "எத்தன வேணும்?"