நனைந்த படங்களை அவசரப்பட்டுக் காயவைக்காதீர்கள்

வீடு தீப்பிடித்தால் எதை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரி பதில்தான் வரும். நகை, பணம், பத்திரம், பாஸ்போர்ட், லேப்டாப். கொஞ்சம் நிதானித்து யோசிப்பவர்கள் ஆல்பத்தையும் சேர்த்துக்கொள்வார்கள்.

நீரிலும் நெருப்பிலும் அடிபட்ட காகிதங்களையும் புகைப்படங்களையும் சீர்செய்வது என் தொழில். என் மேஜைக்கு வருகிற பொருட்கள் வேறு. செங்கல் மாதிரி இறுகிப்போன போட்டோக் கட்டு. மை கரைந்த கடிதங்கள். மறைந்துபோன அம்மா கைப்பட எழுதிவைத்த டைரி. பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட பெயர்ப்பட்டை. பாஸ்போர்ட்டுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம், பத்திரத்துக்கு நகல் வாங்கலாம். இவற்றுக்கு நகல் தரும் அலுவலகம் எதுவும் கிடையாது. அதனால்தான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருகிறார்கள்.

அவர்களிடம் விசாரிக்கும்போது மறுபடி மறுபடி ஒன்று தெரியவரும். வெள்ளம் பாதியைத்தான் கெடுத்திருக்கும். மீதியை, தண்ணீர் வடிந்த பிறகு, நல்லது செய்கிறோம் என்று நினைத்து வீட்டில் இருப்பவர்களே கெடுத்திருப்பார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. என்ன செய்யக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான்.

அதற்கு முன் ஒன்று. ஆபத்து கண்ணெதிரே இருக்கும்போது எதையும் எடுக்காதீர்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். பைகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வீட்டுக்கும் இதே விதிதான். தவிர, பதற்றத்தில் கைக்கு அகப்படுவது நமக்குப் பிரியமான பொருளாக இருக்காது. தலையணையைக் கட்டிப்பிடித்தபடி தெருவில் வந்து நிற்பவர்கள் உண்டு. எதைக் காப்பாற்றுவது என்ற முடிவை வேறொரு நாள், அமைதியாக இருக்கும்போது எடுத்துவைக்க வேண்டும்.

சரி, படங்களுக்கு வருகிறேன். அதிகம் கெடுக்கப்படுவது அவைதான். லேபில் பிரின்ட் போட்ட பழைய படங்களில் உருவம் இருப்பது தாளின் மேல் பூசிய ஜெலட்டின் என்ற மெல்லிய படலத்தில். தண்ணீர் பட்டால் அந்தப் படலம் ஊறி, உப்பி, கொழகொழவென்று ஆகும். அந்த நேரத்தில் விரலால் சேற்றைத் துடைத்தால் சேற்றோடு முகமும் வழித்துக்கொண்டு வந்துவிடும். அப்படியே காயவிட்டாலோ, படலம் பசையாகி எதிரே எது இருக்கிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொரு படமாக இருக்கலாம், ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறையாக இருக்கலாம், ஃப்ரேமின் கண்ணாடியாக இருக்கலாம்.

ஓர் அம்மா தன் கல்யாணப் படங்களை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, வாளியோடு கொண்டுவந்தார். பக்கத்து வீட்டில் எல்லோரும் மொட்டை மாடியில் காயப்போடச் சொன்னார்களாம். இவருக்கு என்னவோ பயம், வெயிலில் வைக்க மனசு வரவில்லை. அந்தப் பயம்தான் படங்களைக் காப்பாற்றியது. தட்டில் சுத்தமான குளிர்ந்த நீரை ஊற்றி, ஒட்டியிருந்த படக்கட்டை அதில் மிதக்கவிட்டு, ஓரத்தை மட்டும் லேசாக அசைத்தேன். கொஞ்ச நேரத்தில் முதல் படம் தானாக வழுக்கி விலகியது. பிறகு அடுத்தது. ஒன்றில் மாப்பிள்ளையின் தோள்பட்டை கரைந்திருந்தது, இன்னொன்றில் மூலை போயிருந்தது. முகங்கள் எல்லாம் இருந்தன. இதே கட்டு வெயிலில் காய்ந்து வந்திருந்தால், திரும்ப ஊறவைத்துப் பிரித்தாலும் ஒரு படத்தின் கண்ணும் மூக்கும் இன்னொரு படத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு போயிருக்கும்.

ஆகவே, ஒட்டிய படங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த சுத்தமான நீரில் வையுங்கள், அழுக்கானால் நீரை மாற்றுங்கள். விலகிய படத்தின் உருவப் பக்கத்தைத் தொடாமல், ஓரங்களைப் பிடித்து எடுத்து, முகம் மேலே பார்க்கும்படி சுத்தமான துணியில் பரப்பி நிழலில் உலரவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். இன்க்ஜெட் பிரின்டரில் அச்சிட்ட படங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றின் மை நீரில் ஓடிவிடும், ஊறவைக்காமல் நேரே பரப்பிவிடுங்கள். ஃப்ரேமில் இருப்பதை ஈரமாக இருக்கும்போதே கண்ணாடியிலிருந்து விடுவிக்கப் பாருங்கள். காய்ந்து ஒட்டிவிட்டதா, கை வைக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட்டு, இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இதற்கெல்லாம் அவகாசம் இரண்டு நாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். வீடே நனைந்து கிடக்கும்போது இரண்டு நாளில் யாரால் உட்கார்ந்து போட்டோ பிரிக்க முடியும்? முடியாது. அதற்குத்தான் ஃப்ரீசர். மெழுகுத்தாளை இடையில் வைத்து, பையில் போட்டு உறையவைத்துவிட்டால் கெடுதல் அப்படியே நின்றுவிடும். மாதக்கணக்கில்கூட வைத்திருந்து, வீடு ஒழுங்கான பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டு நெகட்டிவ், தகரத்தில் எடுத்த மிகப் பழைய படங்கள் ஆகியவற்றை மட்டும் உறையவைக்கக் கூடாது.

புத்தகங்களுக்கும் கடிதங்களுக்கும் உறையவைக்கும் இதே வழிதான். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு ஃபிளாரன்ஸ் நகருக்குள் புகுந்தபோது அங்கிருந்த தேசிய நூலகத்தில் லட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் மூழ்கின. இளைஞர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அவற்றை வெளியே எடுத்தார்கள். உலர்த்துவதற்குப் புகையிலை உலர்த்தும் சூளைகளைக்கூடப் பயன்படுத்த வேண்டியிருந்தது. 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தின் நூலகத்தை மூழ்கடித்தபோது நனைந்த நூல்களை உறையவைத்தார்கள். பெரிய நிறுவனங்களுக்கு உதவிய அந்த வழி வீட்டு ஃப்ரீசரிலும் வேலை செய்யும் என்பது எனக்கு இன்றும் பெரிய ஆறுதல்.

கடிதங்களில் பென்சில் எழுத்து நனைந்தாலும் போகாது. பால்பாயின்ட் பேனா ஓரளவு தாங்கும். ஊற்றுப்பேனா மைதான் ஓடிவிடும். மடிப்பை உடனே விரிக்காதீர்கள், ஈரத்தாள் மடிப்பில்தான் முதலில் கிழியும். படிக்க முடிகிற வரிகளை, முடிகிறபோதே மொபைலில் படம் எடுத்துவிடுங்கள். வெள்ளச் சேற்றில் சாக்கடையும் கலந்திருக்கும், கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் இறங்க வேண்டாம். நனைந்த ஹார்ட் டிஸ்க்கை வேலை செய்கிறதா என்று மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

தீயில் வேறு சிக்கல். படிந்த கரியை ஈரத்துணியால் துடைத்தால் அது தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. துடைக்காமல் கொண்டுவாருங்கள். தீ தாங்கும் பெட்டி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காகிதத்துக்கான பெட்டிகள் உள்ளே வெப்பம் சுமார் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் காக்கும்படி செய்யப்பட்டவை. காகிதம் அதைத் தாங்கும். நெகட்டிவ், டேப், ஹார்ட் டிஸ்க் தாங்காது. அவற்றுக்கு 52 டிகிரியைத் தாண்டவிடாத பெட்டி தனியாக உண்டு. எந்தப் பெட்டியானாலும் பொருளை ஜிப் கவரில் போட்டு வையுங்கள். சூட்டில் பெட்டியின் சுவரே நீராவி விடும்.

அப்புறம், மனசை மிகவும் வருத்துகிற ஒன்று. சுத்தம் செய்ய உதவிக்கு வருகிறவர்கள் நனைந்ததையெல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு அது சேறு. 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தன்னார்வலர்கள் நேர்மாறாகச் செய்தார்கள். சேற்றில் கிடந்த ஆல்பங்களை, யாருடையவை என்றே தெரியாமல், பொறுக்கிக் கழுவினார்கள். கொடிகட்டி உலர்த்தி, உரியவர்கள் வந்து தேடி எடுக்கும்படி மண்டபங்களில் அடுக்கிவைத்தார்கள். வீடு, வாசல், சொந்தம் என்று எல்லாம் போனவர்களுக்கு மிஞ்சியது சில சமயம் அந்த ஒரு படம்தான். உதவிக்குப் போகிறவர்கள் தயவுசெய்து உரியவரைக் கேட்காமல் ஒரு தாளைக்கூட எறியாதீர்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியதும் உண்டு. வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும், குழந்தைகளிடமும், எது போனால் உங்களால் தாங்க முடியாது என்று கேளுங்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத பொருளைச் சொல்வார்கள். அவற்றில் சிறியவற்றை ஒரே பெட்டியில், தரையில் வைக்காமல், கட்டிலுக்கடியில் தள்ளாமல், எடுக்க வசதியான உயரத்தில் வையுங்கள். படங்களை ஸ்கேன் செய்து ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை மெல்லிய பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, உறையின் மேல் எழுதலாம். காலமானவர்களின் குரல் ஏதாவது பழைய மொபைலில் இருந்தால் அதை முதலில் பிரதி எடுங்கள். அந்த மொபைல் இன்னும் எத்தனை நாள் உயிர்பெறும் என்று தெரியாது.