வந்தனோபசாரம்: நன்றியுரையா, நன்றித் தீர்மானமா?

பழைய விழா அழைப்பிதழ் ஏதாவது கிடைத்தால் கடைசி வரியைப் பாருங்கள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் முடிந்தபின் 'வந்தனோபசாரம்' என்று இருக்கும். அந்த வரிக்கு வரும்போது பாதி நாற்காலிகள் காலியாகிவிடும் என்பது வேறு கதை. பன்னாட்டுச் சட்ட மாநாட்டின் நிறைவு நாள் நிகழ்ச்சி நிரலைத் தமிழாக்குகிறவர் கைக்கும் முதலில் வருவது இந்தச் சொல்தான். அங்கே அதை வைக்கலாமா?

வந்தனமும் உபசாரமும் சேர்ந்தது வந்தனோபசாரம். 'வந்த்' என்ற வடமொழி வேருக்கு வணங்குதல், போற்றுதல் என்று பொருள். உபசாரம் என்றால் அருகே சென்று பணிவிடை செய்தல். முன்சொல்லின் அகரமும் பின்சொல்லின் உகரமும் கூடி ஓகாரமானது வடமொழிப் புணர்ச்சி. அதனால்தான் 'வந்தன உபசாரம்' என்று பிரித்து எழுதினால் கண்ணை உறுத்துகிறது. எனக்கு வேடிக்கையாகப் படுவது இன்னொன்று. உபசாரம் செய்கிறவர் விருந்து படைப்பவர். வந்தவர் அதற்குச் சொல்லும் நன்றிக்கும் உபசாரம் என்றே பெயராகிவிட்டது. போதாததற்கு, 'சும்மா ஒரு உபசாரத்துக்குச் சொன்னேன்' என்று பேச்சில் அதன் மதிப்பையும் குறைத்துவிட்டோம்.

தமிழில் இதற்கு நேரான சொல் நன்றியுரை. அழைப்பிதழ்க்காரர்களுக்குப் பிடித்தது 'நன்றி நவிலல்'. எதுகை மோனைக்கு ஆசைப்பட்டவர் யாரோ வைத்தது போல் இருக்கும். இரண்டிலும் உயிர்ச்சொல் 'நன்றி'. அதன் பழைய பொருள் நன்றி கூறுதல் அன்று, நன்மை. 'நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம்' என்னும் குறளில் நன்றி சொல்கிறவர் யாரும் இல்லை. அங்கே அது நன்மை மட்டுமே. 'செய்ந்நன்றி' என்றால் பிறர் செய்த நன்மை. அதை மறக்கலாம், கொல்லக்கூட முடியும். 'செய்ந்நன்றி கொன்ற மகற்கு' என்கிறார் வள்ளுவர். ஒருவர் செய்த காரியத்தைக் குறித்த சொல், காலப்போக்கில் அதைப் பெற்றவர் வாயிலிருந்து வரும் சொல்லைக் குறிக்க நகர்ந்துவிட்டது. அதிகார வரிசையையும் கவனியுங்கள்: 9 விருந்தோம்பல், 10 இனியவை கூறல், 11 செய்ந்நன்றி அறிதல். மாநாடு ஒன்றின் முதல் நாள் முதல் கடைசி நாள் வரை இதே வரிசைதான்.

ஆனால் அரசுகள் கூடும் சட்ட மாநாட்டில் நன்றி உரையோடு நிற்பதில்லை, தீர்மானமாகவும் நிறைவேறுகிறது. உடன்படிக்கைகளுக்கான சட்டத்தை வகுக்க 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வியன்னாவில் நாடுகள் கூடின. அந்த மாநாட்டின் இறுதி ஆவணத்தோடு இணைத்த தீர்மானங்களில் ஒன்று ஆஸ்திரியாவின் கூட்டாட்சி அரசையும் மக்களையும் பாராட்டுவது. இன்னொன்று வரைவை எழுதிக்கொடுத்த பன்னாட்டுச் சட்ட ஆணையத்தைப் பாராட்டுவது. 1998 ஜூன் 15 முதல் ஜூலை 17 வரை ரோமில் நடந்து, பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு வழிவகுத்த மாநாடும் இத்தாலிய மக்களுக்கும் அரசுக்கும் இப்படியே நன்றியைப் பதிவு செய்தது. மேடையில் ஒருவர் பேசுவதை நன்றியுரை என்னலாம். அவை ஏற்று ஆவணத்தில் சேர்ப்பதை அப்படிச் சொல்லக் கூடாது. அது 'நன்றித் தீர்மானம்'. ஒருவர் பேச்சுக்கும் அவையின் முடிவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, யாருக்கு நன்றி? மொழிபெயர்ப்பில் வழுக்குகிற இடம் இதுதான். ரோம் மாநாட்டைக் கூட்டியது ஐ.நா.; அழைத்து இடம் கொடுத்த நாடு இத்தாலி; கூடிய கட்டடமோ உணவு வேளாண் அமைப்பின் தலைமையகம். எல்லாரையும் 'அமைப்பாளர்கள்' என்ற ஒரே கூடையில் போட்டால் யார் செய்த நன்மை எது என்று தெரியாமல் போகும். வேலையை ஏற்பாடு செய்தவர்களுக்கு 'ஏற்பாட்டாளர்' போதும். அழைத்த நாட்டுக்கு அகராதி தரும் 'விருந்தோம்புநர்' இலக்கணப்படி சரி, நாவுக்குத்தான் ஒத்துவராது. 'புரவலர்' பணம் கொடுத்துக் காப்பவர், அவர் வேறு ஆள். என் கை போவது 'ஏற்று நடத்தும் நாடு' என்ற தொடருக்கு. அதில் 'ஏற்று' வெறும் அலங்காரம் இல்லை. ஐ.நா. அமைப்புகள் தங்கள் தலைமையிடத்துக்கு வெளியே கூடினால், அதனால் ஆகும் கூடுதல் செலவை அழைத்த அரசே ஏற்க வேண்டும் என்று பொதுச்சபை 1985இல் விதித்தது. விருந்து என்ற சொல்லுக்கே முதலில் புதுமை என்றுதான் பொருள். புதிதாக வருகிறவருக்காக வீட்டுக்காரர் செலவை ஏற்கிறார்.

வாக்கியமாக எழுதிப் பார்க்கிறேன்: 'மாநாட்டை ஏற்று நடத்தி, இடமும் பாதுகாப்பும் அளித்த அரசுக்கும் மக்களுக்கும், ஐந்து வாரமும் அலுவல்களைக் கவனித்த செயலகத்துக்கும் இம்மாநாடு நன்றி தெரிவிக்கிறது.' யார், என்ன செய்தார் என்பது இதில் இருக்கிறது. 'நெஞ்சார்ந்த நன்றிகளை உரித்தாக்கக் கடமைப்பட்டுள்ளோம்' என்பதில் அது இல்லை. அந்த 'நன்றிகள்' வேறு. நன்றியைப் பன்மையாக்கினால் கனம் கூடும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. வந்தனோபசாரத்தைப் பழைய அழைப்பிதழிலேயே விட்டுவிடலாம், அங்கே அது அழகாகத்தான் இருக்கிறது.