நம்மூரில் பூகம்பம் வராது என்று யார் சொன்னது?

கோவை, திருப்பூர், ஈரோடு, எந்த சைட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான். "ஏனுங்க, போர் போட்டா ஆயிரம் அடிக்கும் பாறைதானுங்க. நம்மூர்ல எங்கீங்க பூகம்பம்?" போன வாரம் பேசியவர் ஒரு படி மேலே போய், செல்போனில் 'ஏசெய்ஸ்மிக்' என்ற சொல்லை எடுத்துக் காட்டினார். அதிர்வே இல்லாத பகுதி என்று அர்த்தமாம். அதனால் தூணுக்கு ரிங்கை (நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையத்தை) தள்ளித் தள்ளிக் கட்டினால் போதுமாம்.

சரி, அந்தச் சொல்லையே பார்ப்போம். கிரேக்கத்தில் 'செய்ஸ்மோஸ்' என்றால் குலுக்கல். முன்னால் நிற்கும் 'அ', நம் 'அசுத்தம்' போல, இல்லை என்கிறது. நிலநடுக்கம் அவ்வளவாகப் பதிவாகாத பகுதி என்பதுதான் பொருள். பதிவாகாததும் வராததும் ஒன்றா? அதிர்வைப் பதியும் கருவிகள் வந்தே நூற்றுச் சொச்சம் வருடம்தான். (அதிர்வைத் தாங்கும்படி வடிவமைப்பதற்கும் எங்கள் இன்ஜினியர் ஆட்கள் இதே சொல்லைப் போடுவார்கள். குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்!)

1962இல் வந்த இந்திய நிலநடுக்க வரைபடத்தில் 'பூஜ்ய மண்டலம்', அதாவது ஆபத்தே இல்லாத பகுதி, என்றே ஒன்று இருந்தது. 1967 டிசம்பரில் மகாராஷ்டிராவின் கொய்னா குலுங்கியது. 1970 திருத்தத்தில் பூஜ்யத்தை எடுத்துவிட்டார்கள். 1993இல் அதே மகாராஷ்டிராவில், லாத்தூர் பக்கம் கில்லாரி குலுங்கியது. அது மிகக் குறைந்த ஆபத்துள்ள ஒன்றாம் மண்டலத்தில் இருந்த ஊர், அங்கும் தக்காணப் பாறைதான். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 2002இல் ஒன்றாம் மண்டலமும் போய்விட்டது. அந்தத் திருத்தத்தின்படி கோவை மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதி.

நம்மூர்க் கதையும் உண்டு. 1900 பிப்ரவரி 8 அன்று கோவை வட்டாரத்தில் வந்த நிலநடுக்கம் ஏறக்குறைய 6 ரிக்டர். கெட்டிப் பாறையில் அதிர்வு சீக்கிரம் அடங்காது, வெகுதூரம் போகும். பாறை மேல் அஸ்திவாரம் போட்டால் குலுக்கல் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் உங்கள் சைட் பாறை மேலா இருக்கிறது? பாதிப் பேர் குளத்து மண்ணைக் கொட்டி மேடாக்கிய இடத்தில் கட்டுகிறீர்கள். கீழே சுவரே இல்லாமல் கார் நிறுத்த இடம் விட்டு, மேலே மூன்று மாடி வேறு.

தூணும் பீமும் சேரும் இடத்தில் ரிங் நெருக்கமாக வர வேண்டும். ரிங்கின் முனைக் கொக்கியை 90 டிகிரியில் மடக்கி விட்டுவிடக் கூடாது; 135 டிகிரி மடக்கி, முனை தூணுக்குள்ளே போக வேண்டும். "மேஸ்திரி பாத்துக்குவாருங்க" என்பதெல்லாம் வேண்டாம். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நீங்களே ஒரு டேப்போடு போய் அளந்து பாருங்கள். போட்ட பிறகு என்னைக் கூப்பிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று நான் எப்படிச் சொல்வதுங்க?