பக்கத்து வீட்டில் விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

காரைக்குடியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொத்து வழக்குகள் நடத்துகிறேன். டவுனுக்குள் பழைய வீடு வாங்க நினைத்து 'லீகல்' பார்க்க வருகிறவர்களில் பலர், பத்திரப் பையைப் பிரிப்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுவிடுவார்கள்: "சார், அந்தத் தெருவில் யார் யார் இருக்காங்க?" சாதியையும் மதத்தையும்தான் கேட்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

நம் ஊரின் உள்தெருக்கள் கலந்துதான் இருக்கின்றன. இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் நகரத்தார் வீட்டுக்கு எதிரே ஆசாரி வீடு இருக்கும், நாலு வீடு தள்ளி ராவுத்தர் குடும்பம், முனையில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் டீச்சர் வீடு. 1948-இல் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டிய காலத்திலிருந்தும், 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்த பிறகும், வெளியூர்க்காரர்கள் எத்தனையோ பேர் இங்கே வாடகைக்கு வந்து தங்கிவிட்டார்கள். இத்தனை ஆண்டுகளில் பக்கத்து வீட்டுக்காரரின் சாதியாலோ மதத்தாலோ வீட்டை இழந்த ஒரு கட்சிக்காரரைக்கூட நான் பார்த்ததில்லை. பங்காளி ஒருவர் கையெழுத்துப் போடாமல் விட்டதால் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் வேறு எங்கோ பயப்படுகிறார்களே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கணவர் பள்ளி ஆசிரியர், மனைவி நர்ஸ். பெரிய வீடு ஒன்றின் இரண்டாம் கட்டும் பின்கட்டும் விலைக்கு வந்திருந்தன. விற்பவர்கள் அண்ணன் தம்பி இருவர். முப்பது வருட வில்லங்கச் சான்றில் ஒரு பதிவும் இல்லை. பையனின் அப்பாவுக்கு மட்டும் மனசில்லை. "பக்கத்துல பாய் வீடு. நமக்கு ஒத்து வருமா?" என்று என்னிடமே கேட்டார். நான் அந்தப் பெண்ணிடம், "ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசிட்டு வாம்மா" என்றேன்.

போனாள். அந்த வீட்டுப் பாட்டி டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னாராம்: "ரெண்டு பேருன்னு யாரு சொன்னா? மூணு பிள்ளைக. நடுவுல உள்ளவன் பினாங்குல மவுத்தாயிட்டான். அவன் மக போன தை மாசம் வந்து அந்தத் தூணைக் கட்டிப் புடிச்சு அழுதுட்டுப் போச்சே."

இது எந்த ஆவணத்திலும் இல்லை. வில்லங்கச் சான்று என்பது பதிவான பத்திரங்களின் பட்டியல், அவ்வளவுதான். ஒருவர் இறந்ததோ, வாரிசு எங்கே இருக்கிறார் என்பதோ அதில் வராது. உயிலோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ எதுவும் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய பங்கு மனைவி மக்களுக்குத் தானாக இறங்கிவிடும். எழுத்தில் ஒன்றும் நடக்காததால் வில்லங்கம் சுத்தமாகத் தெரிகிறது. பாட்டி அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால், அந்தத் தம்பதி மூன்றில் இரண்டு பங்குக்கு உரிமையுள்ளவர்களிடம் முழு விலை கொடுத்திருப்பார்கள்.

பிரிபடாத பாகத்தை வாங்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கூட்டுக் குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், மற்ற பங்காளிகளோடு சேர்ந்து குடியேறும் உரிமை அவருக்குக் கிடையாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, கோர்ட் மதிப்பிடும் விலையைக் கொடுத்து அந்தப் பங்கைத் தாங்களே எடுத்துக்கொள்ள மற்ற பங்காளிகள் கேட்கலாம். பணம் கொடுத்தும் சாவி கைக்கு வராது என்பதை வாங்குபவரிடம் தரகர்கள் சொல்வதில்லை.

பெண் பிள்ளைகளை இன்னும் மறந்துவிடுகிறார்கள். "அவங்களைக் கட்டிக் கொடுத்தாச்சு சார்" என்பார்கள். இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் செய்தது, அப்போது ஏற்கெனவே திருமணமான மகள்களைச் சேர்க்கவில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தக் குறையைத் தீர்த்தது. அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், சிங்கப்பூரில் இருந்தாலும் சரி.

சரி, பத்திரம் பார்த்தாயிற்று. அப்புறம் தண்ணீரைப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் ஓட்டுக்கூரை, நடுவில் உள்ள திறந்த முற்றமான வளவை நோக்கிச் சரிந்திருக்கும். நாலு தாழ்வாரத்து மழையும் வளவில் விழுந்து, தரைக்கு அடியில் கல் வாய்க்கால் வழியாகப் பின்தெருவுக்குப் போகும். அப்படிப்பட்ட வீட்டைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரித்தால், முன்பாகத்தின் மழைநீர் பின்பாகம் வாங்கியவரின் அடுப்பங்கரைக்கு அடியில் ஓடும். அதை அடைக்கப் போய்த்தான் பாதிச் சண்டை வருகிறது. இருபது ஆண்டுகள் இடையூறு இல்லாமல், வெளிப்படையாக, உரிமையாக அனுபவித்துவந்த நடைபாதைக்கும் தண்ணீர்த் தாரைக்கும் ஜன்னல் வெளிச்சத்துக்கும் 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆகவே பொதுச்சுவர் எது, கிணற்றில் யாருக்குப் பாத்தியம், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கிரையப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பழைய பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, ஒரு முறை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி நடந்தால், எந்தச் சந்து காணாமல் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

உள்தெருக்களில் அடிமனை, அதாவது கட்டடம் நிற்கும் நிலம், பற்றிய சிக்கலும் உண்டு. கட்டடம் விற்பவருடையதாக இருக்கும், அடிமனை கோவிலுக்கோ வக்புக்கோ சொந்தமாக இருக்கும். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்கிப் பார்க்காமல் இதில் இறங்காதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைப் பார்க்கலாம். அங்கே கிடைக்காத பழைய காலத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். நூறு வயது வீட்டுக்கு முப்பது வருட வில்லங்கம் போதாது.

நிலை, கதவு, தூண் எல்லாவற்றையும் எண்ணிக் கிரைய ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பர்மா தேக்குத் தூணுக்கு முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் என்ன மதிப்பு என்று விற்பவருக்கு நன்றாகத் தெரியும். ஒப்பந்தம் போட்டு மூன்று மாதம் கழித்துப் போனால் நிலைக்கதவு இருந்த இடத்தில் தகரம் அடித்திருந்த வீட்டை நானே பார்த்திருக்கிறேன்.

தெருவில் வாழ்வதைப் பற்றியும் ஒன்று. மாசி, பங்குனியில் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் வரும் நாளில் பல தெருக்களுக்குள் கார் நுழையாது. விடியற்காலை பாங்கு கேட்கும். வாங்கும் முன் ஒரு காலையும் ஒரு இரவும் அங்கே நின்று பாருங்கள், உங்களுக்குச் சரிப்படுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் "நம்ம ஆளுக்குத்தான் கொடுப்போம்" என்று விற்பவர் சொன்னால் அதற்குத் தலையாட்டாதீர்கள். நல்ல விலை கொடுக்க வந்த எத்தனையோ குடும்பங்கள் இந்த ஒரு வார்த்தையால் முகம் வாடித் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். அது தவறு.

அந்தத் தம்பதிக்கு ஏழு மாதம் ஆனது. பினாங்கு மகளைத் தேடிப் பிடித்து, மலேசியாவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் அவர் கையெழுத்திட்ட அதிகாரப் பத்திரத்தை வரவழைத்து, மூன்று மாதக் கெடுவுக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டி, மூன்று பங்கும் சேர்த்துக் கிரையமானது. அளக்கப் போன அன்று சர்வேயரோடு நானும் இருந்தேன். கல் வாய்க்கால் சுவருக்கு அடியில் எங்கே திரும்புகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பாட்டி ஊன்றுகோலோடு வந்து தரையில் ஓர் இடத்தைத் தட்டி, "இங்கன தோண்டு" என்றார். பையனின் அப்பாதான் கடப்பாரையை வாங்கிக் கல்லைப் பெயர்த்தார். வாய்க்கால் அங்கேதான் இருந்தது.