பிப்பெட் யார் கையில்?

ஏப்ரல் பிறந்தால் என் போன் ஓயாது. "மிஸ், பையன் ஒன்பது முடிச்சிருக்கான். ஜெனெடிக்ஸ் கேம்ப் ஒண்ணு அஞ்சு நாளைக்குப் போட்டிருக்காங்க. சேர்த்தா நீட்டுக்கு உதவுமா?" கோட்டாறிலிருந்தும் கேட்பார்கள், மார்த்தாண்டத்திலிருந்தும் கேட்பார்கள், கேள்வி மட்டும் மாறாது. உதவாது என்று சொல்லிவிடுவேன். நீட்டுக்குப் படிப்பது ஒரு வேலை, இது வேறு வேலை. அதைக் கேட்டதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பம் நடத்துகிறேன். 12 கோடை விடுமுறைகளாகப் பள்ளிப் பிள்ளைகளின் முகாம் வேலையில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் மற்ற முகாம்களைப் பற்றியும் காதில் விழும். இரண்டு வருடம் முன்பு என் தம்பி மகள் ஒரு முகாமுக்குப் போய்வந்தாள். சான்றிதழ், டி.என்.ஏ வடிவத்தில் ஒரு சாவிக்கொத்து, வெள்ளைக் கோட் போட்ட குரூப் போட்டோ, எல்லாம் இருந்தது. "என்ன மக்களே செஞ்சீங்க?" என்று கேட்டேன். "சார் ஜெல் ஓட்டினாங்க அத்தை, நாங்க பாத்தோம்" என்றாள். ஜெல் ஓட்டுவது என்றால் மின்சாரம் கொடுத்து டி.என்.ஏ துண்டுகளைப் பிரித்துப் பார்ப்பது. 60 பிள்ளைகளுக்கு ஒரே மெஷின். மூன்றாவது வரிசையில் நின்றவளுக்கு சாரின் முதுகுதான் தெரிந்திருக்கிறது.

எங்கள் முகாமில் முதல் நாள் மரபணு கிடையாது. கலர் தண்ணீர்தான். துளியிலும் சிறிய அளவை அளந்து எடுக்கும் கருவியான மைக்ரோ பிப்பெட்டைப் பிடிக்கக் கற்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தும்போது அதில் இரண்டு நிறுத்தம் உண்டு. முதல் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், விடும்போது இரண்டாவது வரை போக வேண்டும். பிள்ளைகள் எடுத்த எடுப்பிலேயே அடி வரை அழுத்திவிடுவார்கள், அளவு கூடிப்போகும். ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 50 மைக்ரோலிட்டர். நாம் எடுக்கப்போவது 10. சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதைக் கை நடுங்காமல் எடுக்க அரை நாள் போகும். போகட்டும். "இன்னைக்கு டி.என்.ஏ இல்லையா?" என்று சிலர் முகம் சுருங்கும். மறுநாள் சரியாகிவிடும்.

மறுநாள் வாழைப்பழம். வடசேரி சந்தையில் வாங்கிய, தோலில் கறுப்பு விழும் அளவுக்குக் கனிந்த பாளையங்கோடன். ஜிப் வைத்த கவரில் போட்டு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு ஸ்பூன், உப்பு அரை ஸ்பூன், தண்ணீர் அரை டம்ளர் விட்டுப் பிசைய வேண்டும். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. எண்ணெய்ச் சட்டியில் செய்கிற வேலையைத்தான் சோப்பு இங்கேயும் செய்கிறது. வேட்டித்துணியில் வடித்து, ஃப்ரீசரில் வைத்த ஸ்பிரிட்டை டியூபைச் சாய்த்து ஓரமாக வழியவிட வேண்டும். அவசரப்பட்டால் இரண்டும் கலந்துபோகும். பொறுமையாக ஊற்றினால் மேலே ஸ்பிரிட், கீழே பழக்கரைசல் என்று பிரிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே, சில நிமிடங்களில், இளநீர் வழுக்கை மாதிரி ஒன்று வெள்ளையாகத் திரண்டு மேலே வரும். குச்சியில் சுற்றி எடுக்கலாம்.

பல முகாம்கள் இங்கேதான் நின்றுவிடுகின்றன. "இதுதான் டி.என்.ஏ, கைதட்டுங்கள்" என்று சொல்லி போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. ஜாமைக் கெட்டியாக்குகிற பெக்டின் வாழைப்பழத்திலும் இருக்கிறது. ஸ்பிரிட் பட்டால் அதுவும் திரளும். புரதமும் ஒட்டிக்கொண்டு வரும். குச்சியில் வருவது கலவை. ஆகவே நான் கைதட்ட விடாமல், "இது டி.என்.ஏ-தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் யாராவது ஒருவர் பழமே போடாமல் சோப்பு, உப்பு, ஸ்பிரிட் மட்டும் வைத்துப் பார்க்கலாமா என்பார். இன்னொரு குழு கைதச்சக்கைச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பார்க்கும். (வெளி மாவட்டக்காரர்களுக்கு: அன்னாசி. அதில் புரதத்தை வெட்டும் புரோமிலின் என்ற நொதி இருக்கிறது.) மிச்ச சந்தேகத்தை மூன்றாம் நாள் ஜெல்லில் தீர்த்துக்கொள்ளலாம்.

அகரோஸ் ஜெல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பலூடாவில் போடும் சைனா கிராஸுக்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் கடற்பாசியிலிருந்து வருபவை. தண்ணீராகக் காய்ச்சி ஊற்றினால் அல்வாத் துண்டு போல உறையும். ஒரு ஓரத்தில் சீப்புப் பல் பதிந்த குழிகள். குழிக்குள் நீலச் சாயம் கலந்த டி.என்.ஏ-வை விட்டு மின்சாரம் கொடுத்தால் அது ஜெல்லுக்குள் நகரும். சிறிய துண்டு வேகமாகவும் பெரிய துண்டு மெதுவாகவும் போகும்.

ஒரு வருடம் ஒரு குழு சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிச் செருகிவிட்டது. நான் பார்த்துவிட்டேன், சொல்லவில்லை. ஐந்து நிமிடம் கழித்து ஒரு பெண், "மிஸ், நீலம் பின்னாடி போகுது" என்றாள். குனிந்து பார்த்தார்கள். சாயம் குழியை விட்டு ஜெல்லின் விளிம்பைத் தாண்டி வெளியே கசிந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேர உழைப்பு தண்ணீரோடு போயிற்று. ஒருவன் என் மேல் கோபப்பட்டான், "தெரிஞ்சும் சொல்லலையே மிஸ்!" அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் டி.என்.ஏ-வுக்கு எதிர்மின் சுமை, அது நேர்மின் முனையை நோக்கித்தான் ஓடும் என்பதை அந்த நான்கு பேருக்கும் இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று மாலை ஒருமுறை கூடுதலாக ஜெல் ஊற்றினோம். ஒரு முகாமில் இரண்டாவது ஜெல்லுக்கு நேரமும் பொருளும் ஒதுக்கியிருக்கிறார்களா என்பது, என்னைக் கேட்டால், பாடத்திட்டத்தைவிட முக்கியம்.

எங்கள் மாவட்டத்தில் வாழையை வைத்தே ஐந்து நாளையும் ஓட்டிவிடலாம். ஏத்தன், செந்துளுவன், பாளையங்கோடன், பேயன், மட்டி என்று சந்தையிலேயே ஒரு மரபியல் பாடம் தொங்கிக்கொண்டிருக்கிறது. நம் மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழத்தில் ஏன் விதை இல்லை என்பதற்கு நான் வழக்கமாக ஒரு விளக்கம் வைத்திருந்தேன். ஏத்தன், செந்துளுவன் போன்றவற்றில் குரோமோசோம்கள் மூன்று செட், மொத்தம் 33. மூன்றாக இருந்தால் ஜோடி சேர முடியாது, அதனால் விதை கட்டாது. பல வருடம் இதைச் சொல்லிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். குலசேகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன், அப்பா ரப்பர் வெட்டுக்குப் போகிறவர், எழுந்து கேட்டான்: "மட்டிக்கு ரெண்டு செட்டுன்னு நீங்கதானே போர்டில் எழுதினீங்க. 22. பின்னே அதுல மட்டும் ஏன் விதை இல்லை?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இரவு உட்கார்ந்து படித்தேன். மகரந்தம் சேராமலே சூலகம் பழமாகப் பருக்கும் குணம் வாழைக்கு மரபணுவிலேயே வந்திருக்கிறது. பெண் பூவின் மலட்டுத்தன்மையும் சேர்ந்துகொண்டது. மனிதர்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கல் விதை இல்லாத மரமாகப் பார்த்துப் பார்த்துக் கன்று பிரித்து நட்டதில் அந்தக் குணங்கள் நிலைத்துவிட்டன. மூன்று செட் என்பது கதையின் ஒரு பாதிதான். மறுநாள் வகுப்பில் முதலில் என் விளக்கத்தைத் திருத்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். கன்று பிரித்து நடுவதால் தோட்டம் முழுக்க ஒரே மரத்தின் நகல், அதனால் அசுவினி சுமந்து வரும் முடிக்கொத்து நோய்க்கு ஒன்று தாங்காவிட்டால் மற்றதும் தாங்காது என்ற இடம் வரை பேச்சு போயிற்று. அந்தப் பையன்களில் பாதிப் பேர் வீட்டில் அந்த நோய் வந்த மரத்தை வெட்டிப் போட்டதைப் பார்த்தவர்கள்.

சரி, செய்யக்கூடாததற்கு வருகிறேன். இதில் என் தவறும் ஒன்று இருக்கிறது.

ஆரம்ப வருடங்களில் நாங்கள் இரத்த வகை பார்த்தோம். விரலில் குத்தி, சிலைடில் சொட்டு விட்டு, பிள்ளைகளுக்கு அது ஒரே குஷி. போர்டில் பெற்றோர் வகை, பிள்ளை வகை என்று அட்டவணையும் போட்டேன். ஒரு பெண் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஓ. அப்பாவுக்கு ஏபி என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறாள். ஏபி அப்பாவுக்கு ஓ பிள்ளை வராது என்று சற்று முன்புதான் நான் எழுதியிருந்தேன். அவள் வீட்டில் போய்க் கேட்டுவிட்டாள். அந்த வீட்டில் அன்று இரவு யாரும் சாப்பிடவில்லை என்று அவளுடைய அம்மா பிறகு என்னிடம் சொன்னார். லேபில் மறுபடி பார்த்ததில் அப்பாவுக்கு பி. பழைய அட்டை ஒன்றில் யாரோ தவறாக எழுதியது. தப்பித்தோம். எல்லா வீட்டிலும் அப்படி முடியும் என்று சொல்ல முடியாது. தத்து எடுத்ததைச் சொல்லாமல் வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. 1952-இல் மும்பையில் கண்டுபிடித்த பாம்பே இரத்த வகை போன்ற விதிவிலக்குகளும் உண்டு, சாதாரணச் சோதனையில் அது ஓ மாதிரியே தெரியும். அன்றோடு நிறுத்திவிட்டேன். இப்போது பாலில் வினிகர் விட்டால் திரியும் அல்லவா, அதை வைத்தே செயற்கை இரத்தம் செய்து பாடம் நடக்கிறது. குடும்ப மரம் வரைவதும் கற்பனைக் குடும்பத்துக்குத்தான். நாக்கைச் சுருட்டுவது ஒற்றை மரபணுவின் வேலை என்ற பழைய பாடத்தையும் விட்டுவிட்டேன், அது உண்மை இல்லை.

ஜெல்லில் டி.என்.ஏ தெரிவதற்கு எத்திடியம் புரோமைடு என்ற சாயத்தை ஆராய்ச்சிக்கூடங்களில் காலங்காலமாகப் பயன்படுத்துகிறோம். அது டி.என்.ஏ என்ற ஏணியின் படிகளுக்கு நடுவே போய் உட்காரும், அதாவது நம்முடையதிலும். பள்ளிப் பிள்ளைகளிடம் அது வேண்டாம். மெத்திலீன் நீலம் போதும், கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். புற ஊதா விளக்கை வெறும் கண்ணோடு பார்க்க விடுவதும் கூடாது. "பிள்ளைகளே ஒளிரும் பாக்டீரியா செய்வார்கள்" என்று நோட்டீஸில் பார்த்தால் கூடுதலாக விசாரியுங்கள். ஜெல்லிமீனின் பச்சை ஒளிர் புரதத்தைப் பாக்டீரியாவுக்குள் செலுத்துவது அருமையான சோதனைதான். ஆனால் நம் நாட்டில் மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாள 1989-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. நிறுவனத்துக்குள் உயிரியல் பாதுகாப்புக் குழு வேண்டும், மிச்சத்தைக் கொன்றுவிட்டுத்தான் கொட்ட வேண்டும். கல்யாண மண்டபத்தில் நடக்கும் முகாமில் அதை எங்கே கொல்வார்கள் என்று கேளுங்கள். எச்சிலை எடுத்து "உங்கள் பிள்ளையின் திறமை மரபணு" என்று ரிப்போர்ட் கொடுப்பவர்களுக்கும் விரல் ரேகையில் மூளையைப் படிப்பவர்களுக்கும் பணம் கட்டாதீர்கள். அந்த ரிப்போர்ட்டுகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை. போதாக்குறைக்குப் பிள்ளையின் எச்சில் யாரோ ஒருவர் கையில் போய்ச் சேர்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான்: ஒரு பிப்பெட்டுக்கு எத்தனை பிள்ளைகள்? நான்கு என்றால் நல்லது, பத்து என்றால் வேடிக்கை பார்ப்பதுதான். தப்பானால் மறுபடி செய்ய விடுவீர்களா? விரலில் குத்தி இரத்தம் எடுப்பீர்களா? முடிந்ததும் பிள்ளை கையில் என்ன கொண்டுவரும்? கறை பட்ட நோட்டுப் புத்தகம் வந்தால் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்வார்களா என்பதையும் கேளுங்கள். இரண்டு நாள் வாயே திறக்காத ஒரு அரசுப் பள்ளிப் பெண், வெங்காய வேர் நுனியை நசுக்கி மைக்ரோஸ்கோப்பில் குரோமோசோமைப் பார்த்ததும், "கம்பளிப்பூச்சி மாதிரி ரெண்டு பக்கமா இழுபடுது" என்றாள். அதைவிடச் சரியாக நானும் சொன்னதில்லை.

மட்டிக் கேள்வி கேட்ட பையன் ஜூன் மாதம், பள்ளி திறந்த பிறகு, ஒரு சனிக்கிழமை கல்லூரிக்கு வந்தான். மழை. துண்டில் சுற்றி எதையோ நெஞ்சோடு அணைத்திருந்தான். எஸ்டேட் ஓரத்தில் அவன் அப்பா கண்ட காட்டு வாழையின் ஒரு சீப்பு. விரல் நீளம்கூட இல்லாத காய்கள். ஒன்றை வெட்டினோம். உள்ளே சதை பெயருக்குத்தான், மிளகைவிடப் பெரிதாகக் கறுப்பு விதைகள் நெருக்கியடித்து நின்றன. கத்தி அதில் பட்டு நறநறத்தது. "இதுக்கும் 22 தானா மிஸ்?" என்றான். வேர் நுனி கிடைத்தால் எண்ணிப் பார்க்கலாம் என்றேன். 20 விதைகளை ஊறவைத்துத் தொட்டியில் போட்டிருக்கிறோம். இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. வாரம் ஒருமுறை போன் செய்து கேட்கிறான்.