ஆய்வு முடிஞ்சிருச்சு, அந்த மஞ்சள் பெட்டி யாருடையது?

மலேசியாவில் பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, போன் செய்தார். "அண்ணே, ஸ்டோரைக் காலி பண்றோம், சாக்குக்கு அடியில மஞ்சப் பெட்டி ஒன்னு கெடக்கு. உங்க யுனிவர்சிட்டி ஆளுங்க விட்டுட்டுப் போனதா? பழைய இரும்புக்காரர் லோரியோட நிக்கிறாரு."

மேலே ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கேட்டேன். "மூணு எலை மாதிரி ஏதோ, வெளுத்துப்போச்சு" என்றார். தொட வேண்டாம், ஸ்டோரைப் பூட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, எங்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அது மண்ணின் ஈரத்தை அளக்கும் நியூட்ரான் கருவி. உள்ளே அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. அதன் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 432 வருடம் ஆகும், ஆராய்ச்சி முடிந்து சும்மா கிடந்த காலமெல்லாம் அதற்கு ஒரு கணக்கே இல்லை. கவசத்துக்குள் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை, ஆனால் இரும்புக்காரர் கவசத்தைத்தானே முதலில் உடைப்பார், அதுவும் வெறுங்கையால்.

இது நடக்காத கதை இல்லை. 1985-க்குப் பிறகு யாரும் பயன்படுத்தாத, கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் உள்ள கருவியை டெல்லிப் பல்கலைக்கழகம் 2010-இல் ஏலத்தில் விட்டது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தார்கள். ஒரு தொழிலாளி இறந்துபோனார், இன்னும் சிலர் கதிர்வீச்சுப் பாதிப்போடு மருத்துவமனையில் கிடந்தார்கள்.

சரி, எங்கள் பெட்டி எப்படி அங்கே போனது? பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார், உதவியாளரின் ஒப்பந்தமும் முடிந்தது, சொத்துப் பதிவேட்டிலோ 'ஆய்வகக் கிடங்கு' என்றே இருக்கிறது. கிடங்கில் போய்ப் பார்க்காமலே யாரோ வருடாவருடம் சரி என்று குறி போட்டிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது அந்தக் குறியைப் பார்த்துத்தான்.

'என் கிராண்டில் (ஆய்வு நிதியில்) வாங்கினேன், அதனால் என்னுடையது' என்று பல ஆய்வாளர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். ஒப்பந்தம் வேறு மாதிரி சொன்னால் ஒழிய, அது நிறுவனத்தின் சொத்து. நம் மலேசிய அரசாங்கச் சொத்து விதிப்படி 2,000 வெள்ளியும் (ரிங்கிட்) அதற்கு மேலும் விலையுள்ள பொருள் மூலதனச் சொத்தாகப் பதிவாக வேண்டும். அமெரிக்க மத்திய அரசு நிதி என்றால் குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பொருளை நேரில் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். நேரில் என்றால் நேரில், பட்டியலில் அல்ல. தோட்டத்துக்குக் கருவியைக் கொடுத்தால் இரவல் கடிதம் போடுங்கள், திருப்பி எடுக்கும் தேதியோடு. கிராணிக்கும் ஒரு நகல் கொடுங்கள், ஸ்டோர் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

பெலுப்புசான், அதாவது பழைய சொத்தைக் கழித்துவிடுவது, ஒரு படிவத்தோடு முடிகிற வேலை இல்லை. பாதரச சுவிட்ச், பேட்டரி உள்ள பழைய மின்கருவிகள் எஸ்டபிள்யூ 110 என்ற பட்டியலிட்ட (அபாயகரமான) கழிவு வகையில் வரும், 180 நாளுக்கு மேல் அடுக்கி வைக்கக்கூடாது, உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். கணினி என்றால் ஹார்ட் டிஸ்க்கை முதலில் அழியுங்கள். கதிர்வீச்சுப் பொருள் உள்ளே இருந்தால் 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம், அதாவது சட்டம் 304 குறுக்கே வரும், அங்கே அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட நகர்த்த முடியாது.

எங்கள் பெட்டி கடைசியில் பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்துக்குப் போனது. இப்போது அந்தக் கிராணி, இரும்பு லோரி உள்ளே வருவதற்கு முன்பே ஸ்டோரைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்.